பொழி அடைபடுவதும் திறப்பதும்: மணக்குடிக் காயலோரம் ஒரு பிற்பகல் நடை

நாகர்கோவிலைக் கடந்து தெற்கே ஓடும் பழையாறு மணக்குடியில் கடலைச் சேருகிறது. அந்த முகத்துவாரத்தை எங்கள் பக்கத்தில் பொழி என்பார்கள். கேரள எல்லைக்கு அப்பால் இருக்கும் பொழியூரின் பெயரிலும் இதே சொல்தான் ஒலிக்கிறது. மார்கழி மாதத்து ஞாயிறு ஒன்றின் பிற்பகல் மூன்று மணிக்கு, மாணவர்களும் பெரியவர்களுமாகப் பதினைந்து பேர், ஆறு கடலைச் சேருமுன் விரிந்து தேங்கும் அந்தக் காயலோரம் நடந்தோம். இங்கிருந்து ஆற்றை எதிர்த்துச் சென்றால் வரும் சுசீந்திரம், தேரூர் குளங்கள் 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலான ராம்சார் பட்டியலில் இடம்பெற்றன. அந்தக் குளங்களையும் இந்தக் காயலையும் ஒரே காப்பகமாகவே அரசு அறிவித்திருக்கிறது. ஆனாலும், பறவை பார்க்க வருகிறவர்கள் குளங்களோடு திரும்பிவிடுகிறார்கள் என்ற ஆதங்கம் எனக்கு உண்டு. காயலின் உயிர்களெல்லாம் எதை நம்பி வாழ்கின்றன என்பதை அறிய வேண்டுமானால், பொழிவரைக்கும் நடந்தே ஆக வேண்டும்.

பொழியின் குறுக்கே கிடக்கும் மணல்திட்டை எழுப்புவது அலை. சாய்வாக வந்து மோதும் அலைகள் மணலைக் கரையோரமாக நகர்த்திக்கொண்டே போகின்றன. மேலேறும் ஒவ்வோர் அலையும் மணலைச் சுமந்து வருகிறது. திரும்பும்போது அதன் நீரில் ஒரு பங்கு மணலுக்குள் இறங்கிவிடுவதால், கொண்டு வந்ததை முழுவதும் இழுத்துச் செல்லும் வலு அதற்கு இருப்பதில்லை. இந்தக் கரையில் கடல் நாள்தோறும் ஏறி இறங்கும் ஏற்றவற்றத்தின் உயர வேறுபாடு ஒரு மீட்டருக்கும் குறைவு. கடல்நீர் உள்ளே வந்து திரும்பும் வேகம் மட்டும் வாயைத் திறந்து வைக்கப் போதாது. மழையால் பெருகும் ஆற்றுநீரும் வேண்டும். தென்மேற்குப் பருவத்தில் ஆறும் பெருகுகிறது, கடலும் சீறுகிறது. எந்த வாரம் எது வெல்லும் என்று முன்கூட்டிச் சொல்வது கடினம். மழை ஓய்ந்து ஆறு மெலிந்த பிறகு அலையின் கை ஓங்கி, பொழி அடைபடுகிறது.

அது திறக்கும் விதம் இன்னும் வியப்பானது. அடைபட்ட காயலில் நீர் நாளுக்கு நாள் உயர்ந்து, திட்டின் மிகத் தாழ்ந்த இடத்தில் ஒரு விரல் அகலத்துக்கு வழியத் தொடங்கும். வழியும் நீர் மணலை அரிக்கிறது. அரிப்பால் ஓடை ஆழமாகிறது. ஆழமான ஓடையில் இன்னும் மிகுதியான நீர் இன்னும் விரைவாகப் பாய்ந்து மேலும் அரிக்கிறது. இப்படித் தன்னைத்தானே பெருக்கிக்கொள்ளும் ஓட்டம் சில மணி நேரத்தில் அகன்ற வாயாகிவிடும். வெள்ளம் ஊருக்குள் ஏறும் காலத்தில் மனிதர்கள் மண்வெட்டியாலோ ஜேசிபியாலோ பொழியை வெட்டிவிடுவதும் இதே விதியை நம்பித்தான். சிறு வாய்க்கால் ஒன்றை வெட்டிக் கொடுத்தால் போதும், மீதியை நீரே பார்த்துக்கொள்கிறது.

நாங்கள் சென்ற அன்று பொழி திறந்திருந்தது. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருப்பதால், ஒரு கனமீட்டர் கடல்நீர் அதே அளவு நன்னீரைவிட 25 கிலோவுக்குச் சற்றே கூடுதலான எடை கொண்டது. ஆகவே உள்ளே நுழையும் கடல்நீர் அடியில் ஆப்பு போலச் சொருகிக்கொள்ள, ஆற்றுநீர் அதன்மேல் வழுக்கிக்கொண்டு வெளியேறுகிறது. இதைக் காட்டுவதற்காக, 2004 சுனாமியில் பழைய பாலம் பெயர்ந்துபோன பகுதிக்கு அருகே, கல் கட்டிய பாட்டிலைக் கயிற்றில் இறக்கி அடிநீர் எடுத்தோம். மேல்நீரை இன்னொரு பாட்டிலில் பிடித்தோம்.

கரையோரச் சேற்றில் நிற்கும் அலையாத்தி மரங்கள் இந்த உப்பை இரண்டு வழிகளில் சமாளிக்கின்றன. சுரபுன்னை தன் வேரிலேயே உப்பின் பெரும்பகுதியைத் தடுத்துவிடுகிறது. கண்டல் மரமோ உப்பை உள்ளே விட்டு, இலையிலுள்ள சுரப்பிகள் வழியாக வெளியேற்றுகிறது. அப்படிக் கசியும் துளிகள் வெயிலிலும் கடற்காற்றிலும் உலர்ந்து படிகமாகியிருப்பதைப் பார்க்கப் பிற்பகலே ஏற்ற நேரம். இலையைத் தடவிய பிள்ளைகளின் விரலில் உப்பு நறநறத்தது. சேற்றுக்குள் காற்று அறவே இல்லை. அங்குள்ள நுண்ணுயிர்கள் வெளியிடும் ஹைட்ரஜன் சல்பைடுதான் அந்த அழுகிய முட்டை நாற்றம். அதனால் கண்டல் மரம் பென்சில் போன்ற மூச்சுவேர்களை மேலே நீட்டி, அவற்றின் நுண்துளைகளால் காற்றை வாங்குகிறது. மிதித்தால் அவை ஒடிந்துவிடும் என்பதால் வரப்பைவிட்டு ஒருவரையும் இறங்க விடவில்லை.

பொழியின் முக்கியத்துவம் இங்கேதான் விளங்குகிறது. வாய் நெடுநாள் அடைபட்டு நீர் உயர்ந்தே நின்றால் மூச்சுவேர்கள் வாரக்கணக்கில் மூழ்கி மரம் திணறும். நகரத்துக் கழிவுநீரின் சத்து வெளியேற வழியின்றித் தங்கி, ஆகாயத்தாமரை படர்ந்துவிடும். கடல்நீர் நுழைந்தால் உப்பைத் தாங்காமல் அந்தத் தாமரை கருகுகிறது. அதற்காகக் கல்லைக் கொட்டிப் பொழியை என்றும் திறந்தே வைக்கலாமா என்று மாணவர் ஒருவர் கேட்டார். அப்படிச் செய்தால், ஆறு மெலியும் கோடையில் உப்பு மேலேறி வயலையும் கிணற்றையும் கெடுக்கும் என்றேன். மாறி மாறி அடைத்துத் திறக்கும் இந்த ஒழுங்கோடுதான் இங்குள்ள உயிர்கள் பழகியிருக்கின்றன. வெள்ள ஆபத்து இல்லாதபோது அதை அதன் போக்கில் விடுவதே சரி என்பது என் எண்ணம்.

மறுநாள் பள்ளியில் இரண்டு பாட்டில்களிலிருந்தும் நூறு மில்லி நீரை அளந்து தனித்தனியே காய்ச்சினோம். மேல்நீர் வற்றிய பாத்திரத்தில் மெல்லிய வெண்படலம் மட்டும் தெரிந்தது. அடிநீர் வற்றியதில் கரண்டியால் சுரண்டி எடுக்கும் அளவுக்கு உப்பு படிந்திருந்தது.