கால் பெருவிரலில் சுண்ணாம்பு

கோடை தொடங்கிவிட்டால் என் அறையில் அதிகம் கேட்கும் சொல் ‘சூடு’. போன வாரம் வந்த பெண்ணுக்கு 34 வயது, துணிக்கடையில் வேலை. ஆறு நாளாக நீர்க்கடுப்பு. ஊறவைத்த வெந்தயம், இளநீர், தொப்புளில் விளக்கெண்ணெய், கால் பெருவிரலில் சுண்ணாம்பு என்று வீட்டில் எல்லாம் பார்த்தாகிவிட்டது. ஏழாம் நாள் தூக்கிப்போடும் குளிர்காய்ச்சல். வலப்பக்க முதுகில் லேசாகத் தட்டினாலே துடித்துப்போனார். கிருமி சிறுநீரகம் வரை ஏறியிருந்தது. “சூடுதானே டாக்டர், தணிந்துவிடும் என்று இருந்தோம்” என்றார் உடன் வந்த மாமியார். இந்த மாதம் இதைச் சொன்ன நான்காவது குடும்பம்.

சிறுநீர் எப்போதும் உடம்பின் வெப்பத்தில்தான், ஏறக்குறைய 37 டிகிரியில், வெளியே வருகிறது. வெயிலில் அலைந்தாலும், மாம்பழம் தின்றாலும், கோழிக்கறி சாப்பிட்டாலும் அது கொதிநீராவதில்லை. அது போகும் பாதை புண்பட்டிருக்கிறது, அதனால் எரிகிறது. வாய்ப்புண்ணில் ரசம் பட்டால் எரியும். அதற்காக ரசத்தைக் குறை சொல்வோமா? வெயில் நாளில் தண்ணீர் குறைந்தால் சிறுநீர் அடர்ந்து மஞ்சளாகும், கொஞ்சம் கடுக்கவும் செய்யும், மறுக்கவில்லை. நன்றாகத் தண்ணீர் குடித்தால் அது அன்றைக்கே அடங்கிவிடும். மறுநாளும் நீடித்தால், அடிக்கடி முட்டிக்கொண்டு வந்து சொட்டுச் சொட்டாகப் போனால், கலங்கலாகவோ இரத்தமாகவோ தெரிந்தால், பெரும்பாலும் கிருமித் தொற்றுதான். சுண்ணாம்பால் பெருவிரலுக்கு என்ன நன்மையோ, சிறுநீர்ப்பைக்கு ஒன்றுமில்லை.

கிருமியும் வெளியூரிலிருந்து வந்ததல்ல. நம் குடலில் சாதுவாகக் குடியிருக்கும் ஈ.கோலைதான் பெரும்பாலும் இடம் மாறி வந்து தொல்லை கொடுக்கிறது. சிறுநீர் வெளியேறும் குழாய் ஆண்களுக்குச் சுமார் 20 சென்டிமீட்டர், பெண்களுக்கு 4 தான். வீட்டில் மருமகளுக்கு மட்டும் ‘சூட்டு உடம்பு’ வாய்த்த இரகசியம் இதுவே. உள்ளே நுழையும் கிருமியை அலசி வெளியே தள்ளுவது சிறுநீரின் வேலை. இந்தப் பெண்ணோ காலை ஒன்பது மணிக்குக் கடைக்குள் போனால் இரவு எட்டு வரை கழிவறைப் பக்கம் போவதில்லை. போக வேண்டிவரும் என்று தண்ணீரும் குடிப்பதில்லை. கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். கழிவறைக்குப் போக மேலாளரின் முகத்தைப் பார்க்கும் நிலைமையை எந்தச் சட்டம் திருத்துமோ.

அடக்காதீர்கள். மூன்று, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை போய்வாருங்கள். மலம் கழித்தபின் முன்னிருந்து பின்பக்கமாகக் கழுவுங்கள். பெண் குழந்தைக்கும் அப்படியே பழக்குங்கள். மெடிக்கல் ஷாப்பில் ‘நீர்க்கடுப்புக்கு இரண்டு மாத்திரை’ வாங்காதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். இரண்டு மாத்திரையில் அடிபட்ட கிருமி சிறுநீரில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் எங்கள் கல்ச்சர் சோதனையில் சிக்காமல் ஒளிந்துகொள்ளும். பிழைத்தது அந்த மருந்துக்கே பழகிவிடும். கர்ப்பிணிகள், சர்க்கரை நோயாளிகள், குழந்தைகள், ஆண்கள் வீட்டு வைத்தியத்தில் ஒரு நாளும் கழிக்க வேண்டாம். காய்ச்சலும் முதுகுவலியும் சேர்ந்துவிட்டால் யாராக இருந்தாலும் உடனே கிளம்புங்கள்.

அந்தப் பெண் ஐந்து நாள் வார்டில் இருந்து, ஊசி மருந்தில் தேறி வீட்டுக்குப் போனார். கிளம்பும்போது மாமியார் தயங்கித் தயங்கிக் கேட்டார்: “இளநீர் கொடுக்கலாமா டாக்டர்?”

“தாராளமாகக் கொடுங்கள் அம்மா. மாத்திரையையும் கொடுங்கள்.”