மூடுபனி காற்றைக் கழுவாது

மறுபடியும் ஒரு அறிக்கை. ஒரு தொழிற்சாலை விரிவாக்கத்துக்காகச் செய்த காற்றுத் தர மாடலிங், அதாவது காற்றில் மாசு எவ்வளவு இருக்கும் என்ற கணினிக் கணக்கு, கருத்துக் கேட்டு என் மேசைக்கு வந்தது. இடம் கங்கைச் சமவெளி, மாதம் டிசம்பர், ஜனவரி. உள்ளே அந்த வரி: “மூடுபனி நாட்களில் நீர்த்துளிகள் மாசுகளை உறிஞ்சிக்கொள்வதால் காற்றின் தரம் மேம்படும்.” வெவ்வேறு ஆட்கள் எழுதிய அறிக்கைகளில் இதே வரியைப் படித்துப் படித்து அலுத்துவிட்டது. இதற்கென்றே படித்தவர்கள் இப்படி எழுதும்போது, “பனி இறங்கினா தூசி அமுங்கிடும் சார், தைரியமா வாக்கிங் போகலாம்” என்கிற பக்கத்து வீட்டுக்காரரை என்ன குறை சொல்வது?

கணக்கைப் பார்ப்போம். எதிரில் வரும் லாரி தெரியாத அளவு மூடுபனியிலும் ஒரு கன மீட்டர் காற்றில் இருக்கும் தண்ணீர் ஏறக்குறைய 0.1 கிராம்தான். ஆயிரம் லிட்டர் காற்றுக்கு இரண்டு சொட்டு. அந்தக் காற்றில் மாசாக இருக்கும் பென்சீன் வாயு அதில் எவ்வளவு கரையும்? பத்து லட்சத்தில் ஒரு பங்குகூடக் கரையாது. கார்பன் மோனாக்சைடு இன்னும் மோசம். சரி, துளி தரையில் விழுந்து தூசியையாவது கொண்டுபோகுமே என்பீர்கள். 10 மைக்ரான் துளி அசைவில்லாத காற்றில் ஒரு மணி நேரத்துக்குப் பத்துப் பதினோரு மீட்டர்தான் இறங்கும். பெரிய துளிகள் கொஞ்சம் துகளைத் தரைக்கு இழுத்துப் போகும், அதை மறுக்கவில்லை. மற்றவை வெயில் ஏறியதும் நின்ற இடத்திலேயே ஆவியாகிவிடும். அழுக்குத் துணியை அலசிவிட்டு, அந்தத் தண்ணீரோடு பிழியாமல் காயப்போடுவதற்குப் பெயர் துவைப்பதா?

இன்னொன்றும் நடக்கிறது. அலசும் தண்ணீரே புது அழுக்கைத் தயாரிக்கிறது.

கிளையாக்சால் என்று ஒரு சின்ன மூலக்கூறு. வாகனங்களிலிருந்து வரும் டொலுவீன் போன்றவை, மரங்கள் விடும் ஐசோப்ரீன், விறகுப்புகை என்று பல வழிகளில் காற்றுக்கு வந்து சேரும். அது வாயு, அப்படியே குளிர்ந்து துகளாகிற ஆசாமி இல்லை. ஆனால் தண்ணீர் கிடைத்தால் விடாது. சமநிலை எட்டும்போது, அந்த ஆயிரம் லிட்டர் காற்றில் இருக்கும் கிளையாக்சாலில் கிட்டத்தட்ட பாதி, அந்த இரண்டு சொட்டுக்குள் போய்விடும். உள்ளே ஹைட்ராக்சில் ரேடிக்கல், அதாவது எதோடும் சட்டென்று வினைபுரியும் OH என்ற துணுக்கு, அதைக் கிளையாக்சிலிக் அமிலமாக்கி, அப்புறம் ஆக்சாலிக் அமிலமாக்குகிறது. பக்கத்தில் அமோனியா இருந்தால், துளி காய்ந்ததும் ஆக்சலேட் உப்பாக நின்றுவிடும். வாயுவாக உள்ளே போனது பி.எம். 2.5 ஆக, அதாவது 2.5 மைக்ரானுக்கு உட்பட்ட நுண்துகளாக, வெளியே வருகிறது.

விறகுப்புகையின் பீனால்களும் துளிக்குள் இப்படித்தான் கனத்துப்போகின்றன. இத்தாலியின் போ பள்ளத்தாக்கில் விறகுப்புகையிலிருந்து ஈரத்தில் புதுத் துகள் உருவாவதை நேரடியாகக் காட்டிய ஆய்வு 2016-இல் வந்தது. மூடுபனி நாட்களையும் மற்ற நாட்களையும் ஒப்பிட்ட கான்பூர் ஆய்வு அதற்கு முன்பே, 2011-இல், வந்துவிட்டது. 1952 டிசம்பர் லண்டனின் நச்சுப் புகைமூட்டத்தில் கந்தக டை ஆக்சைடு துளிக்குள் போய் அமிலமானது பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. கிளையாக்சால், பீனால் போன்ற கரிமச் சேர்மம் என்றால் மட்டும் ஏன் மறந்துபோகிறது?

கணினியில் இதைப் போடுவது சள்ளை பிடித்த வேலை என்பது எனக்கும் தெரியும். ரேடிக்கலின் செறிவு லிட்டருக்கு 10⁻¹⁴ மோல் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், 10 மைக்ரான் துளிகள் ஆயிரத்தை எடுத்தாலும் எந்தக் கணத்திலும் அவற்றில் மூன்று துளிகளில்தான் ஆளுக்கொரு ரேடிக்கல் இருக்கும். அதுவும் மைக்ரோ விநாடிகளில் தீர்ந்துபோகும். ஆக்சாலிக் அமிலம் சேரவோ மணிக்கணக்காகும். இரண்டையும் ஒரே சமன்பாட்டுத் தொகுதியில் தீர்க்கச் சாதாரண சால்வர் (சமன்பாடு தீர்க்கும் நிரல்) திணறும். அதற்கான முறைகள் வந்து எத்தனையோ வருடமாகிறது. ஜெர்மனியின் லைப்சிக் குழுவின் காப்ராம் மாதிரி, துளிக்குள் நடக்கும் நூற்றுக்கணக்கான வினைகளை வரிசையாக எழுதிவைத்த தொகுப்புகளும் இருக்கின்றன. அவ்வளவும் வேண்டாம், சுருக்கமான வடிவமாவது போடுங்கள்.

அறிக்கை எழுதும் தம்பி, தங்கைகளே, ஈரப்படிவை, அதாவது நீர்த்துளி மாசைத் தரைக்குக் கொண்டுபோகும் கணக்கை, ஆன் செய்துவிட்டு நீர்த்துளி வேதியியலை ஆஃப் செய்துவைக்காதீர்கள். கழித்தலை மட்டும் போட்டால் விடை குறைவாகத்தான் வரும். துளியின் அமிலத்தன்மை பி.ஹெச். 4.5 என்று வெளிநாட்டுக் கோப்பில் இருந்ததை அப்படியே ஒட்டாதீர்கள். கங்கைச் சமவெளியில் அமோனியா ஏராளம், அங்கே மூடுபனித் துளி பல நாட்களில் நடுநிலைக்குப் பக்கத்தில் நிற்கும், வினை வேகமும் மாறும். மலிவு விலை ஒளி சென்சாரோடு ஒப்பிட்டு “மாடல் குறைவாகக் காட்டுகிறது” என்றும் வராதீர்கள். ஈரத்தில் ஊதிப்போன துகளை அது கூட்டிக் காட்டும். உள்ளிழுக்கும் காற்றைச் சூடாக்கி உலர்த்தும் கருவியின் அளவை எடுங்கள்.

மற்றவர்களுக்கு: மூடுபனியில் ஓடப் போகாதீர்கள். பனி விலகிய உடனேயும் வேண்டாம். துளி மறைந்திருக்கும், அதன் மிச்சம் மூக்குக்கு நேரே நிற்கும். தரையோரக் காற்று மேலேறிக் கலக்கப் பகல் ஆக வேண்டும். ஆஸ்துமா இருப்பவர்களும் குழந்தைகளும் மதியம் தாண்டிப் போகட்டும். அரசு வெளியிடும் தரக் குறியீட்டில் பி.எம். 2.5 என்பது 24 மணி நேரச் சராசரி, காலை ஏழு மணி நிலவரம் அதில் தெரியாது. ஈரக் கைக்குட்டை எதற்கும் உதவாது. என்95 என்றால் மூக்கோரம் இடைவெளி இல்லாமல் பொருந்த வேண்டும், தாடைக்குக் கீழே தொங்கக் கூடாது. தெருவில் தண்ணீர் பீய்ச்சும் பீரங்கி வண்டி கட்டுமானத் தூசியை அடக்கும், அவ்வளவுதான். அதைப் பார்த்து முகக்கவசத்தைக் கழற்றாதீர்கள்.

சென்னைக்காரர்களிடம் தனியாக ஒன்று கேட்டுக்கொள்கிறேன். போகி விடியலில் புகையும் பனியும் ஒன்றாகச் சேர்ந்து விமானங்கள் தாமதமானது உங்களுக்கு நினைவிருக்கும். பழைய பாயை, டயரை, பிளாஸ்டிக்கை எரிப்பதானால் பனி பார்த்துக்கொள்ளும் என்று நம்பிக்கொண்டு எரிக்காதீர்கள். குப்பை வண்டியில் போடுங்கள், தயவுசெய்து.