‘ஸ்லாங்’ என்றால் கொச்சையா?

தொலைக்காட்சிப் பேட்டியில் நடிகரை உட்காரவைத்து, “கோவை ஸ்லாங்ல ரெண்டு வார்த்தை பேசுங்க” என்கிறார்கள். அதே சொல் மொழிபெயர்ப்பாளர் கைக்கு வந்தால் ‘கொச்சை மொழி’ என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார். இரண்டுமே பிழை. முன்னது பேச்சோடு போய்விடும். பின்னது அச்சேறி நிற்கிறது.

‘ஸ்லாங்’ ஆங்கில எழுத்தில் தலைகாட்டியது 18ஆம் நூற்றாண்டின் நடுவில். வேர் இன்னதென்று இன்றுவரை முடிவாகவில்லை. முதலில் திருடர், நாடோடி போன்றோரின் பேச்சைக் குறித்தது. பிறகு எந்தக் கூட்டமானாலும் தங்களுக்குள் புழங்கும், துடுக்கும் விளையாட்டும் கலந்த, ஆயுள் குறைந்த சொற்களுக்குப் பெயராயிற்று. பிரான்சிஸ் குரோஸ் என்ற ஆங்கிலேயர் 1785இல் அப்படிப்பட்ட தெருச்சொற்களை அகராதியாகவே தொகுத்தார். பிறப்பைப் பற்றி இவ்வளவு போதும்.

‘கொச்சை’ என்றால் திருந்தாத பேச்சு. அது ஒரு சொல்லின் வகையைச் சொல்லவில்லை, அதன் மீது தீர்ப்பு எழுதுகிறது. இன்று ‘கொச்சைப்படுத்தாதே’ என்றால் இழிவுபடுத்தாதே என்றுதான் பொருள். அந்த நாற்றத்தோடு ஒரு கலைச்சொல்லை வைத்துக்கொண்டு மொழியை ஆராய முடியாது. இன்னொரு குழப்பமும் உண்டு. ‘போச்சு’, ‘வந்துச்சு’, ‘என்னமோ’ எல்லாவற்றையும் கொச்சை என்றே பள்ளியில் சொல்லித்தருகிறார்கள். இவை எல்லாரும் வீட்டில் பேசும் தமிழ். தாத்தாவும் பேத்தியும், தாசில்தாரும் தேநீர்க்கடைக்காரரும் ஒரே மாதிரி ‘போச்சு’ என்கிறார்கள். எந்தக் கூட்டத்துக்கும் உரியதல்லாத இந்த வடிவங்களை ‘ஸ்லாங்’ என்று எந்த ஆங்கிலேயரும் சொல்லமாட்டார். ‘பேச்சு வழக்கு’ என்ற நல்ல பெயர் இவற்றுக்கு இருக்கிறது.

பேச்சைத் தாழ்த்திப் பார்ப்பது நம் இலக்கண மரபும் அல்ல. தொல்காப்பியப் பாயிரம் ‘வழக்கும் செய்யுளும் ஆயிரு முதலின்’ என்கிறது. வழக்கு என்றால் பேச்சு; அதற்கு அங்கே முதல் இடம். வீரமாமுனிவர் பேச்சுத் தமிழுக்கென்றே லத்தீனில் ஓர் இலக்கணம் எழுதி, அது 1738இல் தரங்கம்பாடியில் அச்சாயிற்று. அவருடைய சதுரகராதியைத் தெரிந்தவர்களில் பலருக்கு இந்த நூல் இருப்பதே தெரியாது. பேச்சுத் தமிழை அவர் ‘கொடுந்தமிழ்’, அதாவது செந்தமிழ் அல்லாதது, என்று சொன்னாலும், விதிகள் உள்ள தமிழாக அதை எடுத்துக்கொண்டு இலக்கணம் வகுத்தார். வெளியிலிருந்து வந்தவர் விதி தேடிய இடத்தில் நம்மவர்கள் அழுக்கைத் தேடுவது வருத்தமாக இருக்கிறது.

அடுத்து ‘கோவை ஸ்லாங்’. விளக்குமாற்றைக் கொங்கில் சீமாறு என்பார்கள், நெல்லையில் வாரியல், யாழ்ப்பாணத்தில் தும்புத்தடி. இதில் துடுக்கும் இல்லை, விளையாட்டும் இல்லை. அந்தந்த ஊரில் அதுவே பொருளின் முறையான பெயர். இது வட்டார வழக்கு. தொல்காப்பியர் இதைத் திசைச்சொல் என்றார், உரைகாரர்கள் நாடு நாடாக எடுத்துக்காட்டும் தந்தார்கள். குட்ட நாட்டார் தாயைத் ‘தள்ளை’ என்பர் என்ற குறிப்பு அப்படித்தான் நமக்குக் கிடைத்தது. கி. ராஜநாராயணன் 1982இல் கரிசல் வட்டார வழக்கு அகராதியைத் தொகுத்த பிறகு கொங்கு, நாஞ்சில் நாடு, நடுநாடு என்று மற்றவர்களும் தொடர்ந்தார்கள். இத்தனை உழைப்புக்குப் பிறகும் ‘ஸ்லாங்’ என்று சொல்லித் திரிவது, கையில் பெயர் இருந்தும் கடன் கேட்பது.

‘ஸ்லாங்’குக்குக் ‘குழூஉக்குறி’ என்று எழுதுவோரும் உண்டு. அவர்கள் பக்கம் நியாயம் கொஞ்சம் இருக்கிறது. ஒன்றின் இயல்பான பெயரை விட்டு வேறு சொல்லால் சொல்வது தகுதி வழக்கு. நன்னூல் அதை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என்று மூன்றாக்கும். பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பது இதற்கு வழக்கமான காட்டு. ஆனால் பறியின் வேலை மறைப்பது. எதிரே நிற்கும் வாங்குபவருக்குப் புரியக்கூடாது என்றே அது பிறந்தது. கல்லூரிப் பையன் பேசும் சொல் மறைப்பதற்கல்ல, ‘நான் இந்தக் கூட்டத்தவன்’ என்று காட்டிக்கொள்ள. ஆகவே தொழிலின் மறைசொல்லுக்குக் குழூஉக்குறி இருக்கட்டும். ‘ஸ்லாங்’குக்குக் ‘குழுவழக்கு’ என்பதே பொருந்தும். வட்டார வழக்கு இடத்தால் பிரிகிறது, குழுவழக்கு ஆட்களாலும் காலத்தாலும் பிரிகிறது. சொல்லைப் பார்த்த மாத்திரத்தில் வேறுபாடு தெரியும், பழிச்சொல்லும் ஒட்டாது.

குழுவழக்கின் ஆயுளை ஒரே பொருளில் பார்க்கலாம். சலிப்பூட்டும்படி பேசுவதை ஒரு தலைமுறை ‘அறுவை’ என்றது. ‘ரம்பம்’, ‘பிளேடு போடுறான்’, ‘கடிக்கிறான்’ என்பவையும் அந்த வரிசைதான். அறுப்பதும் கடிப்பதுமாகவே வந்துகொண்டிருந்த வரிசையில் ‘மொக்கை’ நுழைந்தது. மொக்கை என்றால் கூர் மழுங்கியது. ‘அரிவாள் மொக்கையாப் போச்சு’ என்பது இன்றும் பலர் வீட்டில் சாதாரணப் பேச்சு, அங்கே அது குழுவழக்கே அல்ல. ‘மொக்கைப் படம்’ என்னும்போதுதான் குழுவழக்கு. ஒரே சொல், இரண்டு வகை. கொச்சை என்று ஒரே முத்திரை குத்தினால் இந்த வேறுபாடு அழிந்துவிடும்.

பழைய வாரப் பத்திரிகைக் கதைகளை மொழிபெயர்ப்பவர் வழுக்குவதும் இங்கேதான். ‘சரியான அறுவை’ என்று பாத்திரம் அலுத்துக்கொண்டால் அங்கே மருத்துவமனை இல்லை. ‘பிளேடு போட்டான்’ என்பது பேச்சால் கழுத்தறுத்ததா, பேருந்தில் சட்டைப்பை அறுத்ததா என்பதை முன்பின் வரிகள்தான் சொல்லும். சென்னைப் பேச்சின் ‘பேஜார்’ (தொல்லை), ‘கலீஜ்’ (அசுத்தம்), ‘தபா’ (தடவை) மூன்றும் உருது வழியாக வந்தவை. அவற்றுக்கு அடிக்குறிப்பில் ‘கொச்சை’ என்று மட்டும் போட்டால், படிப்பவருக்குப் பொருளும் கிடைக்காது, வந்த வழியும் தெரியாது.

க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி பேச்சு வழக்கு, வட்டார வழக்கு, அருகிவரும் வழக்கு என்று தனித்தனிக் குறிகள் வைத்திருப்பது நல்ல முறை. வீட்டில் சொற்களைக் குறித்துவைப்பவர்களும் அதையே பின்பற்றலாம். சொல்லை மட்டும் எழுதினால் பயன் இல்லை. யார் சொன்னது, அவர் வயது என்ன, எந்த ஊர், ஏறத்தாழ எந்த ஆண்டுகளில் புழங்கியது என்று எழுதி, வாயில் வந்தபடியே ஒரு முழு வாக்கியமும் சேர்க்க வேண்டும். வாக்கியத்தைத் திருத்தக்கூடாது. ‘ஒரு தபா சொன்னா கேக்கணும்’ என்று கேட்டதை ‘ஒரு தடவை சொன்னால்’ என்று சீராக்கினால் குறிக்க வந்த சொல்லே போய்விடும். சொல்லுக்கு வேறு நேர்ப்பொருள் இருந்தால் அதைத் தனி எண்ணிட்டு எழுத வேண்டும்: மொக்கை, 1. கூர் மழுங்கியது, பேச்சு வழக்கு; 2. சுவையற்றது, குழுவழக்கு.