ஒரு கொண்டை ஊசி, இரண்டு கட்டளைகள்

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஒரு மரபணுவில் அமினோ அமில வரிசையைத் தீர்மானிக்கும் பகுதி முழுவதும் பிழையின்றி இருக்கிறது, அதிலிருந்து உருவாகும் புரதமும் சரியாகவே இருக்கிறது. இருந்தும் அந்த மரபணுவால் நோய் வருமா?" வரும். டி.என்.ஏ.விலிருந்து தூது ஆர்.என்.ஏ., அதிலிருந்து புரதம் என்று பள்ளியில் வரைந்த படத்தில், இரண்டு அம்புக்குறிகளுக்கும் நடுவே நாம் வெற்றிடமாக விட்டுவிட்ட இடத்தில்தான் அதற்கான விடை இருக்கிறது.

படியெடுக்கப்பட்ட ஆர்.என்.ஏ. நேராக, புரதத்தைக் கட்டும் ரைபோசோமுக்குப் போய்விடுவதில்லை. இன்ட்ரான்கள் எனப்படும் இடைத்துண்டுகள் வெட்டி நீக்கப்பட்டு, எஞ்சும் எக்ஸான்கள் இணைகின்றன. முன்முனையில் ஒரு தொப்பியும் பின்முனையில் அடினைன்களால் ஆன நீண்ட வாலும் சேர்கின்றன. உட்கருவை விட்டு வெளியேறிய பிறகும், அது எவ்வளவு காலம் பிழைத்திருக்கும், எத்தனை முறை வாசிக்கப்படும் என்பதை அதன்மேல் வந்து ஒட்டும் புரதங்களும் மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களும் தீர்மானிக்கின்றன. சுமார் 22 எழுத்து நீளமே உள்ள இந்த மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களில் முதலாவதையும் அது செயல்படும் விதத்தையும் விக்டர் ஆம்ப்ரோசும் கேரி ருவ்கனும் 1993-இல் ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள உருளைப்புழுவில் கண்டறிந்து வெளியிட்டபோது, அதைப் புழுவுக்கே உரிய விநோதம் என்று பலரும் கடந்து போனார்கள். மனிதர் உட்படப் பல விலங்குகளுக்கும் பொதுவான இன்னொன்று 2000-இல் தெரியவந்த பிறகே நிலைமை மாறியது. 2024-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. புழுவை ஆராய்வதால் யாருக்கு என்ன பயன் என்று கேட்டு விண்ணப்பத்தை ஒதுக்கும் நிதிக்குழுக்கள், அந்தக் கேள்விக்கு விடை வர முப்பது ஆண்டுகள்கூட ஆகலாம் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்பது என் கருத்து.

ஆயினும் இந்தத் துறையில் என்னை மிகவும் மயக்கியது, செல் தன்னிடமுள்ள இரும்பைக் கணக்குப் பார்க்கும் முறைதான். சுவாசத்துக்கான நொதிகள் பலவற்றுக்கு இரும்பு தேவை. ஆனால் கட்டின்றித் திரியும் இரும்பு ஹைட்ரஜன் பெராக்சைடுடன் வினைபுரிந்து, டி.என்.ஏ.வையும் சவ்வுகளையும் சிதைக்கும் ஹைட்ராக்சில் இயங்குறுப்புகளை (radicals) உண்டாக்கும். ஆகவே, செல்லின் மேற்பரப்பில் நின்று இரும்பை உள்ளே இழுக்கும் டிரான்ஸ்ஃபெரின் ஏற்பியும், 24 துணை அலகுகளால் ஆன உள்ளீடற்ற கோளத்தில் சுமார் 4,500 அணுக்கள் வரை அடைத்து வைக்கும் ஃபெரிட்டினும் எப்போதும் எதிரெதிராக இயங்க வேண்டும். இரும்பு குறைந்தால் ஏற்பி கூட வேண்டும், ஃபெரிட்டின் குறைய வேண்டும். இரும்பு மிகுந்தால் நேர்மாறாக.

இந்த இரண்டு கட்டளைகளையும் ஒரே கருவி பிறப்பிக்கிறது. இரு புரதங்களின் தூது ஆர்.என்.ஏ.விலும், புரதமாக மாறாத பகுதியில், ஏறக்குறைய 30 எழுத்துகள் தமக்குள் மடிந்து கொண்டை ஊசி போல நிற்கின்றன: தண்டின் நடுவே ஒரு சைட்டோசின் மட்டும் துணையின்றிப் பிதுங்கியிருக்கும், உச்சியில் ஆறு எழுத்துகள் கொண்ட வளையம் இருக்கும். ஃபெரிட்டினில் அப்படி ஓர் ஊசி, முன்புறத்தில் தொப்பிக்கு அருகே இருக்கிறது. ஏற்பியிலோ ஐந்து ஊசிகள் பின்புறத்தில் இருக்கின்றன. இரும்பு குறையும்போது ஒரு புரதம் இந்த ஊசிகளைப் பற்றிக்கொள்கிறது. முன்னால் பற்றினால் ரைபோசோம் ஏற வழியில்லை, ஃபெரிட்டின் உற்பத்தி நின்றுவிடும். பின்னால் பற்றினால் ரைபோசோமுக்கு எந்தத் தடையும் இல்லை; மாறாக, அந்த இடத்தில் வெட்ட வரும் நொதியிடமிருந்து ஆர்.என்.ஏ. காப்பாற்றப்படுவதால் அது நீண்ட நேரம் வாழ்ந்து ஏற்பிகளைப் பெருக்குகிறது. புரதம் ஒன்றே, ஊசியும் ஒன்றே; அமர்ந்திருக்கும் இடம் மட்டுமே வேறு.

இரும்பு குறைந்தது அந்தப் புரதத்துக்கு எப்படித் தெரியும்? அதன் நடுவே நான்கு இரும்பும் நான்கு கந்தகமும் சேர்ந்த ஒரு சிறு கொத்து இருக்கிறது. கொத்து இருக்கும்வரை அது அகோனிடேஸ் என்னும் நொதி. செல் ஆற்றல் பெறும் வழியின் ஒரு கட்டமான கிரெப்ஸ் சுழற்சியில் வரும் நொதியைப் போலவே சிட்ரேட்டை ஐசோசிட்ரேட்டாக மாற்றிக்கொண்டிருக்கும். இரும்புப் பற்றாக்குறையில் கொத்து இல்லாமல் போகும்போது புரதம் பிளந்து விரிகிறது. அந்தப் பிளவில்தான் ஆர்.என்.ஏ. ஊசி பொருந்துகிறது. ஒரு நொதி தன் வேலையை இழந்ததையே செல் இரும்புப் பஞ்சத்தின் அறிவிப்பாக எடுத்துக்கொள்கிறது என்பதை முதன்முதலில் படித்தபோது, நான் அந்தப் பக்கத்தை மறுபடியும் படித்தேன். (இதற்கு உறவினரான இன்னொரு புரதத்தில் இந்தக் கொத்து கிடையாது, இரும்பு மிகுந்தால் அது அழிக்கப்பட்டுவிடும்.)

இனி வாசகரின் கேள்விக்கு வருவோம். சில குடும்பங்களில் இளம் வயதிலேயே கண்புரையும், இரத்தத்தில் மிகையான ஃபெரிட்டினும் சேர்ந்தே தலைமுறைகளாகத் தொடர்வது 1995-இல் விவரிக்கப்பட்டது. காரணம், ஃபெரிட்டினின் இலகு அலகுக்கான மரபணுவில், அந்தக் கொண்டை ஊசியில் மாறிப்போன ஓர் எழுத்து. பற்றிக்கொள்ள வரும் புரதத்தின் பிடி நழுவுகிறது. இரும்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஃபெரிட்டின் உருவாகிக்கொண்டே இருக்கிறது. அந்த ஃபெரிட்டினின் அமினோ அமில வரிசையில் எந்தக் குறையும் இல்லை, அளவுதான் மிகை. கண்வில்லையில் அது படிகமாகி ஒளியைச் சிதறடிக்கிறது. பொதுவாக, வளையத்தில் விழும் மாற்றம் தண்டின் அடியில் விழும் மாற்றத்தைவிடக் கடுமையானது.

இந்தக் குடும்பத்தினரின் இரத்தத்தில் ஃபெரிட்டின் ஒரு லிட்டருக்கு 1,000 மைக்ரோகிராமைத் தாண்டுவதும் உண்டு, ஆனால் இரும்பின் அளவு இயல்பாகவே இருக்கும். முதல் எண்ணை மட்டும் பார்த்து, உடலில் இரும்பு மிகுந்துவிட்டது என்று கருதி இரத்தத்தை வெளியேற்றும் சிகிச்சையைத் தொடங்கினால், சில வாரங்களில் அவர்களுக்கு இரத்தசோகை வந்துவிடும். ஃபெரிட்டினோ அப்போதும் இறங்காது.