சக்கரவர்த்தி ஏன் சின்ன அறையில் ஒடுங்கினார்?

பீஜிங்கின் தடைசெய்யப்பட்ட நகரம் மொத்தம் 72 ஹெக்டேர். 1420ல் கட்டி முடித்த அரண்மனை, 24 சக்கரவர்த்திகள் ஆண்ட இடம். ஆனால் அதற்குள்ளே இருக்கும் யாங்ஷின் மாளிகையில் பிற்காலச் சக்கரவர்த்திகள் புழங்கிய அறைகளைப் பார்த்தால் 'இவ்வளவுதானா?' என்றுதான் தோன்றும். சியன்லோங் சக்கரவர்த்தி ஆசையாக வைத்திருந்த படிப்பறையில் நாலு பேர் உட்கார்ந்தாலே நெருக்கடிதான்.

எல்லாம் குளிர் செய்த வேலை. ஜனவரி இரவில் அங்கே மைனஸ் 10 டிகிரி வரை இறங்கும். ஓங்கிய கூரை போட்ட தர்பார் மண்டபத்தில் எவ்வளவு நெருப்பு மூட்டினாலும் சூடான காற்று லேசாகி மேலே ஏறி உத்திரத்தைத்தான் சூடாக்கும், கீழே சிம்மாசனத்தில் இருப்பவர் நடுங்க வேண்டியதுதான். அதனால் வசிக்கும் பகுதியை மட்டும் மரத்தடுப்பு வைத்துச் சிறுசிறு அறைகளாகப் பிரித்துக்கொண்டார்கள்.

சூடு வந்தது தரைக்கு அடியிலிருந்து. கட்டடத்துக்கு வெளியே, தாழ்வாரத்தை ஒட்டி ஒரு குழி, மேலே பலகை மூடி. ஏவலர் அதில் இறங்கிக் கரியைப் பற்றவைப்பார். சூடான காற்று தரைக்கடியில் செங்கல்லால் கட்டிய சந்துகள் வழியாகச் சுற்றிப் போய், அடித்தளத்தில் விட்டிருக்கும் துளைகளில் வெளியேறும். செங்கல் மெதுவாகத்தான் சூடாகும், மெதுவாகத்தான் ஆறும். நெருப்பு அணைந்த பிறகும் பாதத்துக்கு இதம் குறையாது. இதில் எனக்குப் பிடித்த விஷயம், கரி எரிவதே அறைக்கு வெளியே என்பதுதான். மூடிய அறைக்குள் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சத்தமில்லாமல் ஆளைக் கொன்றுவிடும். அறைக்குள் கணப்புச் சட்டிகளும் இருந்தன, சரி, ஆனால் அவற்றுக்குப் புகை அதிகம் வராத உயர்ந்த கரி. சிவப்புச் சாயம் பூசிய கூடையில் வரும் அந்தக் கரியை யாருக்கு எவ்வளவு என்று அந்தஸ்து பார்த்துத்தான் அளந்து கொடுப்பார்கள்.

கோடைக்கு ஐஸ். குளிர்காலத்திலேயே உறைந்த நீர்நிலைகளில் வெட்டி, பாதி நிலத்துக்குள் புதைந்த தடித்த சுவர்க் கிடங்குகளில் அடுக்கிவிடுவார்கள். ஒரு கிலோ ஐஸ் உருகுவதற்கு இழுத்துக்கொள்ளும் வெப்பம், ஒரு கிலோ தண்ணீரை 80 டிகிரி சூடாக்கப் போதும். அதனால்தான் அடுக்கிவைத்த ஐஸ் சட்டென்று கரைந்துவிடாமல் கோடை வரை தாங்கியது.

இவ்வளவு கரி எரியும் அரண்மனை முழுக்க மரம் என்பது இன்னொரு தலைவலி. தீயணைக்க முற்றங்களில் பெரிய பெரிய உலோகத் தொட்டிகளில் தண்ணீர் நிரப்பி வைத்திருந்தார்கள். குளிர்காலத்தில் அந்தத் தண்ணீர் உறையாமலிருக்க, தொட்டிக்கு அடியிலும் கரி நெருப்பு.