பழைய பெயரிலும் தேடுங்கள்: தென்னாப்பிரிக்கத் தமிழ்க் குடும்பங்களின் உரிமை கோரப்படாத பணம்

டர்பனை அடுத்த சாட்ஸ்வர்த்தில் உள்ள என் அலுவலகத்துக்குக் கடந்த ஆண்டு ஒரு பெண், தம் தாயார் பல ஆண்டுகளாகப் பூட்டி வைத்திருந்த பிஸ்கட் தகரப் பெட்டியை எடுத்து வந்திருந்தார். வேலையில்லாக் காப்பீட்டுக்காக அந்நாளில் வழங்கப்பட்ட நீல அட்டை, மூன்று சம்பளச் சீட்டுகள், வாழ்த்து அட்டையோடு ஒட்டிக்கொண்டிருந்த ஒரு பழைய கடித உறை ஆகியவை அதில் இருந்தன. தாயார் டர்பனில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் 1974 முதல் 1989 வரை தையல் இயந்திரத்தில் வேலை பார்த்தவர். "ஃபோனில் தேடிப் பார்த்தேன் அக்கா, அம்மா பெயரில் ஒன்றுமே இல்லை என்றுதான் வருகிறது" என்றார் மகள். அவர் தேடியது தாயாரின் இன்றைய அடையாள அட்டையில் உள்ள பெயரையும் எண்ணையும் கொண்டு. தொழிற்சாலையின் பதிவேடு தாயாரை அறிந்திருந்ததோ வேறொரு பெயராலும் வேறோர் எண்ணாலும்.

ஓய்வூதிய நிதி, பிராவிடண்ட் ஃபண்ட் ஆகியவற்றைப் பொறுத்தவரை இந்நாட்டில் முதன்மையானது 1956 ஆம் ஆண்டின் ஓய்வூதிய நிதிச் சட்டம். ஒரு பணம் செலுத்தப்பட வேண்டிய நாளிலிருந்து பொதுவாக 24 மாதங்களுக்குள் உரியவர் கேட்டுப் பெறாவிட்டால், அது உரிமை கோரப்படாத பணமாகிறது. அதனால் அது உரியவர் கையைவிட்டுப் போய்விடுவதில்லை. அதே நிதியிலோ, இதற்கென்றே அமைந்த வேறொரு நிதியிலோ அவர் பெயரிலேயே இருக்கிறது. இப்படி நாடு முழுவதும் தேங்கிக் கிடப்பது 4,000 கோடி ராண்டுக்கும் மேல். நிதித்துறை நடத்தை ஆணையம், அதாவது எஃப்.எஸ்.சி.ஏ, தன் இணையதளத்தில் இதற்கான இலவசத் தேடல் வசதியை வைத்திருக்கிறது. பணம் ஆணையத்திடம் இல்லை. எந்த நிதியில் இருக்கக்கூடும், அதை நிர்வகிப்பவரை எவ்வாறு அணுகுவது என்பதைத்தான் அது காட்டும். அங்கே ஒருமுறை தேடி, பொருத்தம் இல்லை என்ற விடையைக் கண்டதும் பெரும்பாலோர் நிறுத்திவிடுகிறார்கள் என்பதுதான் என் கவலை. நம் குடும்பங்களைப் பொறுத்தவரை அந்த விடைக்கு, பணம் இல்லை என்று பொருளன்று; அந்த எழுத்துக்கூட்டலில் இல்லை என்று மட்டுமே பொருள்.

1860 நவம்பர் 16 அன்று முதல் இந்திய ஒப்பந்தத் தொழிலாளர்களை ஏற்றிய ட்ரூரோ கப்பல் டர்பனில் வந்து நின்ற நாளிலிருந்து நம் பெயர்களை எழுதியவர்கள் நம் மொழி அறியாத எழுத்தர்கள். முனுசாமியை ஒருவர் இரண்டு ஓ போட்டும் இன்னொருவர் ஒரு யூ போட்டும் எழுதினார். நாயுடுவுக்கும் அதே கதி. கவுண்டர் என்பது ஒரு வீட்டில் கவுண்டன் என்றும் மறுவீட்டில் கோவெண்டர் என்றும் நிலைத்தது. பிள்ளைக்கு ஐ என்று முடிவதும் உண்டு, ஒய் என்று முடிவதும் உண்டு. குப்புசாமி, சுப்பிரமணி, படையாட்சி ஆகியவற்றை எத்தனை விதமாக எழுதியிருக்கிறார்கள் என்று என் கோப்புகளைக் கொண்டே தனிக் கட்டுரை எழுதலாம். தந்தையின் பெயரைக் குடும்பப் பெயராக எழுதியதால் உடன்பிறந்த அண்ணனும் தம்பியும் வெவ்வேறு குடும்பப் பெயர் கொண்ட வீடுகள் இன்றும் இருக்கின்றன. பெண்களுக்கு இது இரட்டிப்புச் சிக்கல்: வேலையில் சேர்ந்தபோது தந்தையின் பெயர், திருமணத்துக்குப் பின் கணவரின் தந்தை பெயர், அடையாள அட்டையில் கணவரின் குலப்பெயர் என்று ஒரே பெண் மூன்று பெயர்களில் இருப்பார்.

எண்ணும் அப்படியே. நிறவெறி ஆட்சிக் காலத்து அடையாள எண்ணின் கடைசி இலக்கங்களில் இனத்தைக் குறிக்கும் குறியீடு இருந்தது. 1986 இல் பச்சை நிற அடையாளப் புத்தகம் வந்தபோது அந்தக் குறியீடு நீக்கப்பட்டு எண்கள் மாற்றி வழங்கப்பட்டன. பிறந்த தேதியைக் காட்டும் முதல் 6 இலக்கங்கள் அப்படியே இருக்க, வால் பகுதி மாறிவிட்டது. அதற்கு முன் வேலையில் சேர்ந்த ஒருவரின் பதிவில் பழைய எண் திருத்தப்படாமலே இருந்தால், இன்றைய 13 இலக்கத்தைத் தட்டும்போது கணினி அவரை அடையாளம் காணாது.

முகவரியைப் பற்றி நம் மூத்தோருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வசிப்பிடங்களை இனவாரியாகப் பிரித்த 1950 ஆம் ஆண்டின் குழுப் பகுதிச் சட்டத்தால் டர்பனின் கேட்டோ மேனரிலிருந்து அப்புறப்படுத்தப்பட்டவர்கள், நகராட்சித் தொழிலாளர் குடியிருப்பான மேகசின் பாரக்ஸில் வாழ்ந்து சாட்ஸ்வர்த்துக்கு மாற்றப்பட்டவர்கள், பின்னர் ஃபீனிக்ஸுக்கும் வெருலத்துக்கும் பிள்ளைகளோடு போனவர்கள் என எல்லோருக்கும் ஏதோ ஒரு நிதியின் கடிதம் பழைய வாசலுக்கே போயிருக்கிறது. சாட்ஸ்வர்த்திலேயே தெருக்கள் முன்பு வெறும் எண்களாக இருந்தன. பிறகு பெயர் பெற்றன. பழைய தெரு எண்ணும் வீட்டு எண்ணும் இட்ட கடிதம் இன்று யார் வீட்டைச் சேரும்?

"அந்தக் கம்பெனியை விட்டபோதே பணத்தை வாங்கிவிட்டேனே, இனி என்ன இருக்கப்போகிறது?" என்று பெரியவர்கள் கேட்கும்போது, நான் அவர்களை உட்காரவைத்து ஒன்றை விளக்குவேன். பல நிதிகளில் வேலையை விட்டு விலகியவர்களுக்குக் குறைவாகக் கொடுத்து அனுப்பியதால் காலப்போக்கில் உபரி சேர்ந்தது. 2001 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தச் சட்டம், அந்த உபரியைப் பகிரும்போது 1980 ஜனவரி 1 க்குப் பிறகு விலகிய பழைய உறுப்பினர்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்றும், அவர்களுக்குக் குறைந்தபட்ச அளவுக்கு ஈடுகட்ட வேண்டும் என்றும் விதித்தது. ஆகவே 1980 களிலும் 90 களிலும் ஆடைத் தொழிற்சாலையை, சர்க்கரை ஆலையை, அச்சகத்தை விட்டு வந்தவர்களுக்கு, தாங்கள் கையெழுத்திட்டு வாங்கிய தொகைக்கு மேலும் ஒரு பங்கு ஒதுக்கப்பட்டிருக்கலாம். எல்லா நிதியிலும் உபரி இருந்ததில்லை. சிலருடைய பங்கு சில நூறு ராண்டுதான். ஆனாலும் கேட்காமல் அதை அறிய வழியில்லை.

அந்தத் தாயாரின் பணமும் அப்படிப்பட்டதே. நாங்கள் பெயரை விட்டுவிட்டு, சம்பளச் சீட்டில் இருந்த தொழிற்சாலைப் பெயரைக் கொண்டு நிதியைக் கண்டுபிடித்தோம். தொழிற்சாலை மூடப்பட்டு ஆண்டுகள் பலவாகியும் அதன் நிதி வேறொரு நிர்வாக நிறுவனத்தின் கையில் உயிரோடு இருந்தது. நீல அட்டையில் கண்டிருந்த எழுத்துக்கூட்டலையும் பழைய எண்ணையும் எழுத்து மூலம் அனுப்பினோம். முதலில் அந்த நிறுவனம், பெயர் பொருந்தவில்லை என்று இரண்டு வரியில் மறுத்தது. 1974 இல் நிரப்பிய உறுப்பினர் படிவத்தின் நகலைக் கேட்டு மீண்டும் எழுதினேன். வந்தது. அதில் எழுத்தர் ஆங்கிலத்தில் எழுதியிருந்த பெயர் யாருடையதோ போல் இருந்தது. ஆனால் அடியில், சிறுவயதில் கோயில் பள்ளியில் எழுதப் பழகிய கையால் 'முனியம்மா' என்று தமிழில் கையொப்பம் இருந்தது. இன்றும் அவர் அப்படித்தான் கையெழுத்திடுகிறார். 'ம்மா'வின் கடைசிக் காலை வலப்பக்கம் நீட்டி இழுக்கும் பழக்கமும் மாறவில்லை. அந்த நகலையும் புதிய கையொப்பத்தையும் அருகருகே வைத்து, இரு பெயரும் ஒருவருடையதே என்ற பிரமாணப் பத்திரத்தோடு அனுப்பிய பிறகு எவரும் மறுப்புச் சொல்லவில்லை.

ஆகவே தேடும்போது தாயார் தந்தையாரின் எல்லாப் பெயர்களையும், பெயரின் எல்லா எழுத்துக்கூட்டல்களையும், பழைய அடையாள எண்ணையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தேடுங்கள்; நிறுவனத்தின் அன்றைய பெயரையும் பின்னர் அதை வாங்கியவரின் பெயரையும் கொண்டு தனியே தேடுங்கள். அரசு ஆசிரியர்கள் போன்றோருக்கான அரசு ஊழியர் ஓய்வூதிய நிதி 1956 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வருவதன்று; அதனிடம் நேரடியாகவே கேட்க வேண்டும். பொருத்தம் கிடைத்தால் சான்றொப்பமிட்ட அடையாள அட்டை நகல், வங்கிக் கணக்கு விவரம், வேலை பார்த்ததற்கான ஏதேனும் ஒரு சான்று ஆகியவை தேவைப்படும். பணம் வழங்குமுன் எவ்வளவு வரி பிடிக்க வேண்டும் என்ற உத்தரவை நிதியே வருமான வரித்துறையிடம் பெறும். அதற்காக உங்களிடம் முன்பணம் கேட்க எவருக்கும் உரிமையில்லை.

உறுப்பினர் இறந்திருந்தால் வழி மாறும். பணி உறுப்பினராக இருக்கும்போதே இறந்தவரின் மரணப் பயன், சட்டத்தின் 37சி பிரிவின்படி பொதுவாக அவருடைய சொத்தோடு சேராது, உயிலுக்கும் கட்டுப்படாது. நிதியின் அறங்காவலர்கள் அவரைச் சார்ந்திருந்தவர்களைத் தேடிக் கண்டறிந்து நியாயமாகப் பகிர வேண்டும். நியமனப் படிவத்தில் உள்ள பெயரை அவர்கள் கருத்தில் கொள்வார்கள், ஆனால் அதுவே முடிவாகாது. இங்கே நம் மூத்த பெண்கள் பலர் ஒதுங்கிவிடுவதைக் காண்கிறேன். கோயிலில் தாலி கட்டித் திருமணம் செய்து, அரசில் பதிவு செய்யாமல் 40 ஆண்டுகள் வாழ்ந்தவர், "எனக்கு சர்டிஃபிகேட் இல்லையே" என்று கேட்கவே கூசுகிறார். ஓய்வூதிய நிதிச் சட்டம் வாழ்க்கைத்துணை என்பதற்குத் தரும் விளக்கத்தில், ஒரு சமயத்தின் நெறிப்படி மணந்தவரும் அடங்குகிறார். உயில் எழுதாமல் இறந்தவரின் சொத்திலும், இந்து முறைப்படி ஒருவனுக்கு ஒருத்தியாக மணந்த மனைவிக்கு வாரிசுரிமை உண்டு என்று 2008 இல் டர்பன் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. திருமண அழைப்பிதழ், முகூர்த்தப் புகைப்படம், நடத்திவைத்த குருக்களின் கடிதம், இருவர் பெயரும் உள்ள வாடகைச் சீட்டு ஆகியவை எல்லாம் சான்றே. அம்மா, நீங்கள் கேட்பது யாசகம் அல்ல.

விலகியபோது சேர வேண்டிய பணத்தைப் பெறாமலே இறந்தவர் என்றால், அது பெரும்பாலும் அவருடைய சொத்தில் சேரும். மொத்தச் சொத்து 2,50,000 ராண்டுக்குள் இருந்தால், இறந்தவர்களின் சொத்து விவகாரங்களை மேற்பார்வையிடும் உயர்நீதிமன்ற மாஸ்டர் அலுவலகத்தில், சொத்தைக் கையாள அனுமதிக்கும் அதிகாரக் கடிதம் பெற்று எளிய முறையில் முடிக்கலாம். எந்த வகையில் வழங்கப்போகிறோம் என்பதை நிதி எழுத்தில் சொல்லட்டும். வாய்மொழியை நம்பி மாதக்கணக்கில் அலைய வேண்டாம். எழுத்து மூலமான முறையீட்டுக்கு நிதி 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். தராவிட்டாலோ, பதில் நிறைவளிக்காவிட்டாலோ நிதிகள் மீதான புகார்களை விசாரிக்கும் ஓய்வூதிய நிதித் தீர்ப்பாளரிடம் போகலாம். அதற்குக் கட்டணமில்லை, வழக்கறிஞரும் தேவையில்லை.

பணம் தேடித் தருகிறோம் என்று தொலைபேசியில் வருபவர்களைப் பற்றி ஒரு சொல். எல்லோரும் ஏமாற்றுக்காரர் அல்லர். நிதிகளே நியமித்த தேடுநர்களும் இருக்கிறார்கள். ஆனால் நிதியால் நியமிக்கப்பட்டவருக்கு நீங்கள் பங்கு தர வேண்டியதில்லை. ஓய்வூதியப் பணத்தைப் பிறருக்கு எழுதிக் கொடுப்பதைச் சட்டத்தின் 37ஏ பிரிவு தடை செய்கிறது. ஆகவே பணம் உறுப்பினரின் சொந்தக் கணக்குக்கு வராமல் வேறொருவர் கணக்கு வழியாக வரும் என்று எவர் சொன்னாலும், படிவத்தில் கையொப்பமிடாதீர்கள். வங்கி அட்டையையோ இரகசிய எண்ணையோ கொடுக்காதீர்கள்.

இதுவரை சொன்ன ஓய்வூதியப் பணத்தைக் காலம் கடந்தும் கேட்கலாம். ஆனால் கார்டியன்ஸ் ஃபண்ட் அப்படியல்ல. பெற்றோரை இழந்த சிறார்க்குரிய பணமும், கண்டுபிடிக்க முடியாத வாரிசுகளின் பங்கும் மாஸ்டர் அலுவலகத்தின் பொறுப்பில் அந்த நிதியில் வைக்கப்படுகின்றன. நம் குவாசுலு-நடால் மாகாணத்துக்கு அது பீட்டர்மரிட்ஸ்பர்க்கில் இருக்கிறது. கேட்கும் உரிமை தொடங்கிய நாளிலிருந்து 30 ஆண்டுகள் எவரும் கேட்காவிட்டால் பணம் அரசுக்குப் போய்விடும். சிறுவயதில் தந்தையை இழந்து பெரியம்மா வீட்டில் வளர்ந்த ஒருவருக்காக இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன். மரணக் கோப்பில் அவர் தந்தையின் பெயரைக் குடும்பப் பெயராகக் கொண்டிருக்கிறார். அடையாள அட்டையில் பெரியப்பாவின் பெயர். முழுப் பிறப்புச் சான்றிதழ் உள்துறை அலுவலகத்திலிருந்து வர வேண்டும். அன்றைய சட்டப்படி பணத்தைக் கேட்கும் உரிமை தொடங்கும் 21 வயது அவருக்கு நிறைந்தது 1999 இல். 2029 என்று அவருடைய கோப்பின் மேலுறையில் சிவப்பு மையால் எழுதி, மேசையில் எல்லாக் கோப்புகளுக்கும் மேலாக வைத்திருக்கிறேன்.