ஸ்பின் ஆஃப், பிளாக்பஸ்டர்: பொருளும் பிறப்பும் நமக்கான தமிழும்

முதலில் ஸ்பின் ஆஃப். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிகழ்ச்சியிலிருந்து ஓர் ஆளையோ ஒரு கூட்டத்தையோ பிரித்தெடுத்து, அதை வைத்துத் தனியாக நடத்தும் இன்னொரு நிகழ்ச்சிக்குத்தான் அந்தப் பெயர். எங்கிருந்து பிரிந்தது என்பது தெரிய வேண்டும், அதே சமயம் பழையதைப் பார்க்காதவருக்கும் புதியது தனியாகப் புரிய வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் அது வேறு ஏதோ.

எங்கள் செங்கோட்டைப் பக்கம் இந்தச் சொல் படும் பாடு கொஞ்சமில்லை. புளியரையைத் தாண்டினால் கேரளம், அதனால் பல வீடுகளில் இரண்டு மொழி டிவியும் ஓடும், மோகன்லால் நடத்தும் பிக் பாஸையும் பார்ப்பார்கள், விஜய் சேதுபதி நடத்தியதையும் பார்ப்பார்கள், பார்த்துவிட்டு 'மலையாள பிக் பாஸ் நம்ம தமிழோட ஸ்பின் ஆஃப்தானே' என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போவார்கள். இல்லை. 1999-ல் நெதர்லாந்தில் பிக் பிரதர் என்ற பெயரில் தொடங்கிய ஒரு நிகழ்ச்சியின் சட்டகத்தை உரிமம் வாங்கி இந்தியில் 2006-லும், தமிழிலும் தெலுங்கிலும் 2017-லும், மலையாளத்தில் 2018-லும் நடத்த ஆரம்பித்தார்கள். இவை எல்லாம் மொழிப் பதிப்புகள். ஒன்றுக்கொன்று அக்கா தங்கை உறவு, ஒன்று இன்னொன்றின் வயிற்றில் பிறக்கவில்லை.

அப்புறம் எது ஸ்பின் ஆஃப்? 2021-ல் விஜய் டிவியில் வந்த பிபி ஜோடிகள் நல்ல உதாரணம். பிக் பாஸ் வீட்டில் இருந்தவர்களை ஜோடி சேர்த்து நடனமாட வைத்தார்கள். வீட்டுக்குள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவர் இங்கே மேடையில் அடி தவறாமல் ஆட வேண்டும், நடுவர் சொல்வதைக் கேட்டு நிற்க வேண்டும். ஆள் பழையவர், வேலை புதிது. எனக்கு அது பிடித்தது. அதற்கடுத்த வருடம் இணையத்தில் வந்த பிக் பாஸ் அல்டிமேட்டைப் பற்றி அப்படிச் சொல்ல மாட்டேன். முந்தைய சீசன்களில் வந்தவர்களையே மறுபடி உள்ளே விட்டு, இருபத்து நான்கு மணி நேரமும் கேமராவைத் திறந்து வைத்தார்கள், பாதியில் கமலுக்குப் பதில் சிலம்பரசன் வந்தார், மற்றபடி அதே வீடு, அதே நாமினேஷன், அதே வெளியேற்றம். இலக்கணப்படி ஸ்பின் ஆஃப்தான், பார்க்கிறவருக்கு அது இன்னொரு சீசன். அதேபோல சூப்பர் சிங்கரில் பாடிய சிவாங்கி குக் வித் கோமாளிக்குப் போனதால் குக் வித் கோமாளி சூப்பர் சிங்கரின் ஸ்பின் ஆஃப் ஆகிவிடாது. ஆள் இடம் மாறினார், அவ்வளவுதான்.

அமெரிக்காவில் இதைப் பெரிய தொழிலாகவே செய்கிறார்கள். 2002-ல் தி பேச்சிலர் என்று ஓர் ஆணுக்கு ஜோடி தேடும் நிகழ்ச்சி வந்தது. அதில் கடைசிவரை வந்து தேர்வாகாமல் போன பெண்ணையே நடுவில் வைத்து, இந்த முறை தேர்ந்தெடுக்கிறவர் அவர் என்று 2003-ல் தி பேச்சிலரெட் தொடங்கினார்கள். தோற்றவர் கையில் முடிவைக் கொடுத்த அந்த ஒரு திருப்பத்துக்காகவே அதை உருப்படியான ஸ்பின் ஆஃப் என்பேன். 2014-ல் இரண்டிலும் கழிந்தவர்களைக் கடற்கரையில் கூட்டி வைத்து இன்னொன்று வந்தது, அதில் எனக்குப் பெரிய ஈடுபாடு இல்லை.

சொல்லின் பிறப்புக்கு வருவோம். ஸ்பின் என்றால் பழைய ஆங்கிலத்தில் நூல் நூற்பது, சுழல்வது என்ற பொருள் பின்னால் வந்தது. வேகமாகச் சுழலும் ஒன்றிலிருந்து தெறித்துத் தனியாகப் போவதுதான் ஸ்பின் ஆஃப். வணிகத்தில் ஒரு கம்பெனி தன் ஒரு பிரிவை வெட்டித் தனிக் கம்பெனி ஆக்குவதற்கும் இதே பெயர். பெயர் பரவுவதற்கு முன்பே காரியம் நடந்திருக்கிறது. 1941-ல் அமெரிக்க வானொலியில் ஒரு நகைச்சுவைத் தொடரில் வந்த கில்டர்ஸ்லீவ் என்ற துணைப் பாத்திரத்துக்குத் தனித் தொடரே கொடுத்தார்கள்.

தமிழில்? 'சுழன்று விலகியது' என்று நேராகப் பெயர்த்தால் யாருக்கும் புரியாது, பெயர்க்கவும் வேண்டாம். கிளைக்கதை என்ற சொல் நம்மிடம் எப்போதோ இருக்கிறது. மகாபாரதத்தில் சூதாடி நாட்டை இழந்து காட்டில் உட்கார்ந்திருக்கும் தருமன், என்னைப்போல் துன்பப்பட்ட அரசன் உண்டா என்று கேட்கிறான், அதற்குப் பதிலாக ஒரு முனிவர் நளன் கதையைச் சொல்கிறார். அந்தக் கிளைக்கதை தனியாகப் பிரிந்து வந்து புகழேந்தியின் கையில் நளவெண்பா ஆனது. பதினாறாம் நூற்றாண்டில் இங்கே பக்கத்தில் தென்காசியிலிருந்து ஆண்ட அதிவீரராம பாண்டியர் அதே நளன் கதையை நைடதமாகப் பாடினார், 'நைடதம் புலவர்க்கு ஔடதம்' என்ற பேரும் வாங்கினார். பாரதம் முழுக்கத் தெரியாதவரும் நளவெண்பாவைத் தனியாக எடுத்துப் படிக்கலாம். ஸ்பின் ஆஃப்புக்கு மேலே சொன்ன இரண்டு நிபந்தனையும் இதில் அப்படியே பொருந்துகிறது. ஆகவே கதையாக இருந்தால் கிளைக்கதை, டிவி தொடராக இருந்தால் கிளைத்தொடர், பாட்டு, ஆட்டம், சமையல் என்றால் கிளை நிகழ்ச்சி. இரண்டாம் பாகத்துக்கு இதைப் போடாதீர்கள், அது தொடர்ச்சி. ஜீத்து ஜோசப் 2013-ல் மலையாளத்தில் எடுத்த திரிஷ்யத்தை அவரே 2015-ல் பாபநாசமாகத் தமிழில் எடுத்தாரே, அது மறுஆக்கம்.

அடுத்து பிளாக்பஸ்டர். தியேட்டர் வரிசை தெருவைச் சுற்றி நின்றதால் வந்த பெயர் என்று ஒரு விளக்கம் உலவுகிறது, அழகாக இருக்கிறது, ஆனால் அது பிறகு கட்டப்பட்ட கதை. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப் படை வீசிய 4,000 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 1,800 கிலோ எடையுள்ள குண்டுகளுக்குப் பத்திரிகைகள் வைத்த பெயர் அது. நாலு பக்கமும் தெரு உள்ள ஒரு கட்டடத் தொகுதிதான் பிளாக், அதை ஒரே குண்டில் தகர்ப்பது பிளாக்பஸ்டர். 1943-லேயே ஹாலிவுட் விளம்பரங்களில் இந்தச் சொல் வந்துவிட்டது. இன்றைய பொருளை உறுதிப்படுத்தியது 1975 ஜூன் 20-ல் வந்த ஸ்பீல்பெர்க்கின் ஜாஸ். அதற்கு முன் பெரிய நகரங்களில் சில தியேட்டர்களில் போட்டு மெல்ல மெல்ல ஊர் ஊராகக் கொண்டுபோவது வழக்கம், ஜாஸை அமெரிக்காவில் 400-க்கு மேற்பட்ட தியேட்டர்களில் ஒரே நாளில் இறக்கினார்கள், அதற்கு முந்தைய நாட்களில் டிவி விளம்பரத்துக்கும் பணத்தை அள்ளிக் கொட்டியிருந்தார்கள்.

நம் ஊரிலும் அந்தப் பழைய வழக்கம் இருந்தது. ஏ சென்டர் என்கிற பெரிய நகரங்களில் ஓடித் தேய்ந்த பிறகுதான் படப்பெட்டி சி சென்டர் என்கிற சின்ன ஊர்களுக்கு வரும், வரும்போது பிலிமில் கீறல் விழுந்து படத்தில் மழை பெய்யும், அப்படியும் கூட்டம் நிற்கும். அதனால் நம் பழைய வெற்றிச் சொற்கள் எல்லாம் நாளை எண்ணுகின்றன: ஐம்பது நாள், நூறு நாள், இருபத்தைந்து வாரம் ஓடினால் வெள்ளிவிழா. பிளாக்பஸ்டர் முதல் மூன்று நாள் வசூலை எண்ணுகிற காலத்துச் சொல். இரண்டையும் ஒன்றாக்கி, பிளாக்பஸ்டருக்கு வெள்ளிவிழாப் படம் என்று எழுதுவது சரியில்லை.

இன்னொரு குழப்பமும் இருக்கிறது. ஹாலிவுட்டில் இது ஒரு படவகையின் பெயரும்கூட: பெருஞ்செலவு, எல்லா இடத்திலும் ஒரே நாளில் வெளியீடு, அப்படி எடுத்துத் தோற்ற படமும் பிளாக்பஸ்டர்தான். நாமோ வெற்றியை மட்டும் குறிக்கப் பயன்படுத்துகிறோம், வெளியான அன்று மாலையே போஸ்டரில் ஒட்டிவிடுகிறோம். வகையைச் சொல்ல பெரும்படம் என்று எழுதலாம். வெற்றியைச் சொல்ல சக்கைப்போடு போட்டது என்பதைவிட நல்ல தமிழ் எனக்குத் தெரியவில்லை, ஆறு வயதுப் பிள்ளைக்கும் அது புரியும்.

சம்மர் பிளாக்பஸ்டரைக் கோடை வெற்றிப்படம் என்று எழுதுகிறார்களே, அதை மாற்ற வேண்டும். அமெரிக்காவில் மே தொடங்கி ஆகஸ்ட் வரை அந்த சீசன், ஜூன் பாதியிலிருந்து பள்ளிக்கூடமும் கிடையாது. இங்கே ஏப்ரல், மே லீவு. சித்திரை ஒன்றும் விஷுவும் ஒட்டி வருவதால் எல்லையின் இரண்டு பக்கமும் அந்த வாரத்தில் புதுப்படம் இறங்கும். ஜூனில் பள்ளிக்கூடம் திறந்துவிடும், ஆரியங்காவுப் பக்கமிருந்து மழைக்காற்று வந்து குற்றாலத்தில் சாரல் பிடித்துவிடும், குடையோடு தியேட்டருக்குப் போகிறவரிடம் போய் இது கோடைப் படம் என்றால் அவருக்கு என்ன விளங்கும்? விடுமுறைப் பெரும்படம் என்று எழுதுங்கள். அமெரிக்க வெளியீடு என்றால் அமெரிக்க விடுமுறைப் பெரும்படம்.